இராசாத்தியின் வயது

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
27.05.1990, ஞாயிறு.

அன்பு மகள் மார்கிரட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் நடமாடித் திரிகிறோம். அங்கே நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கிற சீவனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு முன்னால் நான் முழங்காலில் நிற்காத நாள் இல்லை. உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்துக்கே பதில் இல்லை, அம்மாவுக்கு என்ன நடந்தது என்று இரண்டாவதில் ஏசியிருக்கிறாய். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை பிள்ளை. எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்து வந்து பேனையை எடுப்பேன், அன்பு மகள் என்று எழுதுவேன், பிறகு குசினிக்குள் ஏதோ வேலை கிடக்கிறது என்று எழும்பிப் போய்விடுவேன். இன்றைக்கு உன் அப்பா கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, எழுதி முடிக்காமல் நீ உதால எழும்பேலாது என்று காவல் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வருத்தம் அப்படியேதான். எண்ணெய் பூசச் சொன்னால் பூசமாட்டார், பூசாமல் இருந்துகொண்டு முனகுவார். இந்தியன் ஆமி போன பிறகு ஊர் அமைதியாக இருக்கிறது. கடலைத் தாண்டுகிற லோஞ்சு நேரத்துக்கு வருகிறது, பள்ளிப் பிள்ளைகளை அக்கரையில் இருக்கிற சாட்டிக் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள், இனிச் சண்டை இல்லை என்றுதான் சனமெல்லாம் கதைக்கிறது. மழை மட்டும் போன மாரிக்கு ஏமாற்றிவிட்டது, மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்தே கை வலிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தை நான் அதிபராகப் பொறுப்பெடுத்தது உனக்குத் தெரியும். போன ஆண்டு மார்கழியில் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பாடசாலை விரிவாக்க மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர். எட்டாம் ஆண்டோடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு ஒன்பதாம் பத்தாம் ஆண்டும், அதற்குக் கட்டிடமும் தருவார்களாம். எனக்கு அன்றைக்கு நித்திரையே வரவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. எட்டாம் ஆண்டு முடிந்தால் பொடியன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்கில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள், பெட்டைகளைத்தான் அவ்வளவு தூரம் தனிய விடமாட்டார்கள். உன்னை நாங்கள் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் விட்டுப் படிப்பித்தோம், எல்லோருக்கும் மாமி இருக்கிறாவா? உன்னோடு படித்த பெட்டைகள் எத்தனை பேர் பதினாலு வயதோடு ஆடு மாட்டுக்குப் பின்னால் போனார்கள் என்று நீயே நினைத்துப் பார். அதனால் இந்தக் கட்டிடத்தை எடுத்தே தீருவது என்று நின்றேன். கண்டறியாத கட்டிடம் என்று உன் அப்பா நக்கலடித்தார், நான் காதில் போடவில்லை.

அந்தத் திட்டத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதிக்கு முன்னர் மாணவர் தொகை விபரம் அனுப்பவேண்டும். எந்த ஆண்டில் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன வயது, புதிதாகச் சேர்ந்தவர் யார், விலகியவர் யார், விலகினால் ஏன், எல்லாம் காபன் தாள் வைத்து மூன்று பிரதி. அதோடு ஒரு நிபந்தனை. படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இருபது பேராவது திரும்பி வந்து சேர்ந்திருக்கவேண்டும், அப்போதுதான் ஒன்பதாம் ஆண்டு வகுப்புக்கு அனுமதி. நானும் என்னோடு படிப்பிக்கிற சிவகுரு மாஸ்ரரும் தை மாதம் முழுவதும் வளவு வளவாக ஏறி இறங்கினோம். என்ன பேச்செல்லாம் கேட்டோம் தெரியுமா, கலியாணம் பேசிற குமரைக் கொப்பியோட திரும்பவும் விடச் சொல்லுறியளோ, உங்களுக்கு விசரோ ரீச்சர் என்று ஒரு மனுசி படலையையே சாத்திவிட்டா. நானும் விடவில்லை, படலைக்கு வெளியில் நின்றே அரை மணித்தியாலம் கத்தினேன், கடைசியில் என் தொண்டைக்குப் பாவம் பார்த்துப் பிள்ளையை அனுப்பினா. அப்படி அலைந்து பதினாலு பேரைச் சேர்த்தேன். பதினாலுக்கு மேல் ஒரு உருப்படியும் கிடைக்கவில்லை. ஆறு பேர் குறைந்தது.

இங்கேதான் உன் அம்மா செய்யக்கூடாததைச் செய்தாள். பிள்ளைகளின் பெயர் பதிகிற நம்முடைய இடாப்பில் ஆறு பெட்டைகள் இருந்தார்கள், பதின்மூன்று வயது, ஒன்றிரண்டு பேர் இடையில் ஒரு வருடம் நின்றுவிட்டு வந்தவர்கள், பார்க்க வளர்த்தி. அந்த ஆறு பேருக்கும் சேர்வு இடாப்பில் புதிதாகப் பதிந்து, பிறந்த ஆண்டை இரண்டு மூன்று வருடம் முன்னுக்குத் தள்ளி எழுதினேன். சிவகுரு மாஸ்ரர் பக்கத்தில் நின்று, ரீச்சர் உது பிறகு பிழையாய் முடியாதோ என்று ஒருமுறை கேட்டார். எங்கட ஊரில வயசைக் குறைச்சுப் போட்டுத்தான் பிரச்சினை வந்திருக்கு மாஸ்ரர், உத்தியோகத்துக்கும் கலியாணத்துக்கும், கூட்டிப் போட்டதால ஆருக்குக் கேடு வந்தது என்று நான் சிரித்தேன். மெய்யாகவே சிரித்தேன் பிள்ளை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி இராசாத்தி. நம்முடைய பின்வளவுச் சரவணமுத்துவின் மூத்த பெட்டை, பால் கொண்டுவருகிறவரேதான். நீ போகும்போது பத்து வயது, உன் சூட்கேசைத் தான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்துத் துறையடி வரைக்கும் வந்தாளே, அவள். தாய் பரிமளம் இரண்டு வருடத்துக்கு முன் வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்தபோது அவளைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள், மாடு பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையை நான்தான் மறுபடி கூட்டிக்கொண்டு வந்தேன். கணக்கில் அவளை வெல்ல அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. அவளுக்குப் பதினாறு என்று போட்டேன். மாசி மாதம் கந்தோரிலிருந்து ஆள் வந்து இடாப்பைப் பார்த்தார், இருபது பேரையும் வரிசையில் நிற்கவைத்து எண்ணினார், சரி என்றார். திரும்பி வந்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டி, பிறந்த திகதி எழுதி, அதிபர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அடையாள அட்டை குடுக்கச் சொன்னார். நானே இருந்து வடிவான எழுத்தில் இருபது அட்டை எழுதினேன். பங்குனியில் அத்திவாரம் வெட்டினார்கள், இப்போது சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

பெரிய வெள்ளி கழிந்த கிழமை இயக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஊரில் கூட்டம் வைத்துப் பிள்ளைகளைச் சேரச் சொல்லிப் பேசினார்கள். அதற்கடுத்த கிழமை நாலு பிள்ளைகளைக் காணவில்லை. மூன்று பேர் பெரிய பிள்ளைகள். நாலாவது இராசாத்தி. அம்மா தேடாதேங்கோ, சின்னக்குட்டியைப் பள்ளிக்கூடத்தால மறிக்காதேங்கோ என்று கொப்பித் தாளில் எழுதி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சின்னக்குட்டி என்று அவர்கள் கூப்பிடுவது இளையவளை, பதினொரு வயது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சரவணமுத்துவும் பரிமளமும் என்னிடம் ஓடிவந்தார்கள். வயது காணாத பிள்ளைகளைத் தாய் தகப்பன் போய்க் கேட்டால் விடுகிறார்களாம், வயதுக்கு அத்தாட்சி வேண்டுமாம். இராசாத்தி பிறப்புப் பதிவுத் துண்டு எடுக்காத பிள்ளை, வீட்டில் பிறந்தவள், இன்றைக்கு நாளைக்கு என்று தகப்பன் பதியாமலே விட்டுவிட்டார். சாத்திரியார் எழுதின குறிப்பு இருக்கிறது, அதை யார் அத்தாட்சியாக எடுக்கப்போகிறார்கள். பள்ளிக்கூட இடாப்பு ஒன்றுதான். பதினாலு ஆகேல்லை எண்டு ஒரு கடிதம் எழுதி முத்திரை வைச்சுத் தாங்கோ ரீச்சர், காலமை லோஞ்சுக்கே போறம் என்று பரிமளம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா.

மார்கிரட், நான் என்ன சொன்னேன் தெரியுமா? முத்திரை இருக்கிற அலுமாரித் திறப்புச் சிவகுரு மாஸ்ரரிட்ட நிக்குது, திங்கட்கிழமை வாங்கோ என்று சொன்னேன். திறப்பு என் இடுப்பில் சாவிக்கொத்தோடு இருந்தது. எனக்கு அந்த நேரம் பிள்ளை ஞாபகம் வரவில்லை, இடாப்பில் ஒன்றும் கடிதத்தில் ஒன்றும் எழுதினால் கட்டிடம் நின்றுவிடும், விசாரணை வரும் என்பதுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் நற்கருணை நன்மை வாங்காமல் வந்தேன். அப்பா பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போய் எழுதிக் குடு, நானும் துறையடி மட்டும் வாறன் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே எழுதினேன். பிறந்தது 12.05.1976, இடாப்பில் உள்ள திகதி என் பிழை என்று தெளிவாக எழுதி முத்திரை வைத்தேன். ஆனால் பரிமளத்திடம் பிழையைப் பற்றி வாய் திறக்கவில்லை, கடிதத்தை ஒட்டியே கொண்டுபோனேன்.

திங்கட்கிழமை நானும் பரிமளமும் சரவணமுத்துவும் மூன்று பேருமாக லோஞ்சில் குறிகட்டுவான் துறைக்குப் போய், பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், மூன்று இடம் கேட்டு அலைந்து, பின்னேரம்தான் ஒரு வளவுக்குள் விட்டார்கள். பொறுப்பாக இருந்தது ஒரு பெண்பிள்ளை, இருபத்திரண்டு வயது வராது. ரீச்சர் எண்டால் இருங்கோ என்று மரியாதையாகக் கதிரை தந்தா. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தா. உள்ளே போய் ஒரு கட்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து அதிலிருந்து ஒரு அட்டையை உருவி என் முன்னால் வைத்தா. இராசாத்தியின் அடையாள அட்டை. வயது காணாது திரும்பிப் போ என்று அவளிடம் சொன்னார்களாம், அவள் தன் பையிலிருந்து இதை எடுத்துக் காட்டினாளாம். இது உங்கட கையெழுத்தோ ரீச்சர் என்று கேட்டா. ஓம் என்றேன். கடிதத்தில இருக்கிறதும் உங்கட கையெழுத்து, அப்ப நாங்கள் எதை நம்புறது சொல்லுங்கோ என்று கேட்டா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் பரிமளம் அந்த அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றா. அவவுக்கு வாசிக்கத் தெரியும், நான்தான் முதியோர் வகுப்பில் படிப்பித்தேன்.

பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொகுதியை வன்னிக்கு அனுப்பிவிட்டார்களாம். சனிக்கிழமை முழுவதும் அவள் அந்த வளவுக்குள்தான் இருந்திருக்கிறாள் மார்கிரட். என் இடுப்பில் திறப்பு இருந்த அந்தச் சனிக்கிழமை. வயசுக்கு வேற அத்தாட்சி ஏதும் இருந்தால் கொண்டந்து தாங்கோ, மேல அனுப்பிக் கேட்டுப் பாக்கிறன் என்று அந்தப் பிள்ளை கடைசியாகச் சொன்னா. பஸ்ஸில் பரிமளம் என் பக்கத்தில் இருக்கவில்லை. லோஞ்சிலும் இருக்கவில்லை. துறையில் இறங்கும்போதுதான் என் முகத்தைப் பார்த்து, என்ர பிள்ளையை என்னை விட மூண்டு வருசம் முந்திப் பெத்தவ நீங்கள், இனி நீங்களே தேடிக் கொண்டு வாங்கோ என்று சொன்னா. அடுத்த நாள் காலமை பால் வரவில்லை. அன்றிலிருந்து நாங்கள் வெறுந்தேத்தண்ணிதான் குடிக்கிறோம், அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

மற்ற ஐந்து பெட்டைகளின் அட்டைகளையும் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கி, தாய் தகப்பனுக்கு நடந்ததைச் சொல்லி, அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே அடுப்புக்குள் போட்டேன். ஏச்சு வாங்கினேன், வாங்கத்தானே வேண்டும். கந்தோருக்கும் உள்ளதை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். விசாரணை நடக்கும், ஆறு மாதம் ஆகும், அதுவரைக்கும் இடாப்பில் உள்ளதுதான் செல்லும் என்று பதில் வந்திருக்கிறது. வேலை போனாலும் போகட்டும். கட்டிடம் யன்னல் மட்டத்தோடு நிற்குமா, கூரை போடுவார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பதினாலு பேரும் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து ஒன்பதாம் ஆண்டுப் பாடம் படிக்கிறார்கள், அவர்கள் செய்த பாவம் என்ன.

போன புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு பரிமளம் சின்னக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தா. என்னோடு கதைக்கத்தான் வந்தாவாக்கும் என்று எனக்குச் சந்தோஷம், கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை. இவளுக்கு எட்டு வயசு எண்டு மாத்தி எழுதுங்கோ, உங்களுக்கு எழுதத் தெரியும்தானே, அவளுக்குக் கூட்டின மூண்டை இவளுக்குக் குறைச்சு விடுங்கோ, இவளையெண்டாலும் நான் வைச்சிருக்கிறன் என்று சொன்னா. இடாப்பை எடுத்து விரித்தேன், பேனையையும் எடுத்தேன். அந்தப் பெட்டை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று என் கையையே பார்த்தாள். என்னால் ஏலவில்லை பிள்ளை. எட்டு என்று நான் எழுதினால் யார் நம்புவார்கள், நம்பினாலும் இன்னொரு நாள் அது எங்கே போய் முடியும், எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏலாது பரிமளம், என்னை மன்னிச்சுக்கொள் என்றேன். ஓகோ, கட்டிடத்துக்கு எண்டால் மட்டும் ஏலும் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனா. அடுத்த நாளிலிருந்து சின்னக்குட்டி வரவில்லை. இந்த மாத விபரத்தில் விலகியவர் என்ற இடத்தில் இரண்டு பேர். அக்காவுக்கு நேரே காரணம் எழுதிவிட்டேன், தங்கச்சிக்கு என்ன காரணம் எழுதுவதென்று தெரியாமல் வெறுமனே விட்டிருக்கிறேன்.

இப்போது நீ செய்யவேண்டியதைக் கேள். நீ முதன்முதல் நன்மை வாங்கின புதுநன்மை அன்று, எழுபத்தாறாம் ஆண்டு ஆனி மாத அந்தோனியார் திருநாள், யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வந்து கோயில் வாசலில் எடுத்த படம் ஒன்று உன்னிடம் இருக்கிறது. போகும்போது அல்பத்திலிருந்து கழற்றிக்கொண்டு போனாய். நீ வெள்ளைச் சட்டையோடு நடுவில் நிற்கிறாய். வலது பக்கக் கரையில் பரிமளம் ஒரு துணிச் சுற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா, அதுதான் இராசாத்தி. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து தாயும் பிள்ளையும் முதன்முதல் வெளியில் வந்தது அன்றைக்குத்தான், எங்கள் வேதக்கோயில் என்றும் பாராமல் உன்னைப் பார்க்க வந்தவ. படத்துக்குப் பின்பக்கம் ஸ்ரூடியோக்காரன் திகதி முத்திரை குத்தியிருந்தான் என்று அப்பா சத்தியம் பண்ணுகிறார், எனக்கு நினைவில்லை. முத்திரை இருந்தால் அந்தப் பிள்ளை எழுபத்து மூன்றில் பிறந்திருக்க ஏலாது என்று ஒரு குருடனுக்கும் விளங்கும். அலுமாரி, சூட்கேஸ், பைபிள் எல்லாம் தட்டிப் பார். கிடைத்தவுடன் மருமகனைக் கொண்டு பதிவுத் தபாலில் போடு, மினக்கெடாதே. வன்னியில் பயிற்சி மூன்று மாதமாம், அதில் ஒரு மாதம் முடியப்போகிறது. இந்த மாதம் பன்னிரண்டாம் திகதிதான் அவளுக்குப் பதினாலு முடிந்தது.

உன் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள். எட்டாம் மாதத்தில் பாரம் தூக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பிள்ளை பிறந்ததும் மற்ற வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் பதிந்துவிடுங்கள், துண்டை ஒரு இடத்தில் பத்திரமாக வை. பிறக்கப்போகிற பிள்ளைக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் அந்தோனியார் துணை நிற்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. என் மேல் கோபம் வந்தால் கோபி, எழுதாமல் மட்டும் இராதே. பரிமளத்துக்கு நான் இன்னும் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை, வந்த பிறகு கையில் கொண்டுபோய்க் குடுப்பேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே மகள். உனக்கு என் மேல் இருக்கிற பாசம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லுகிறேன். படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே அனுப்பு. அம்மாவுக்காக என்று நினைத்து நீ அதில் ஒரு திகதியை எழுதிப்போடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
குருசுமுத்து மேரிஜோசப்பின்.